நாற்பத்தொன்பதாவது மணி நேரம்

இரவுப் பணியை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்த வேலூர்க் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் என் செவிலியர் தங்கைகளே, ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே!

தேர்தல் நெருங்கிவிட்டது. கட்சி அலுவலகங்களில் அறிக்கைக் குழுக்கள் கூடுகின்றன. ஒவ்வொரு சங்கத்தையும் கூப்பிட்டு மனு வாங்குகிறார்கள். நாமும் கொடுக்கத்தான் போகிறோம். கொடுப்பதற்கு முன்னால், போன தடவை கொடுத்த மனுவும் அவர்கள் கொடுத்த வாக்கும் என்ன ஆயின என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம்.

நல்லதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. சாலையில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரத்துக்குச் சிகிச்சை இலவசம். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள். இந்தியாவிலேயே அதிகம். செத்தவர்கள் 17,884 பேர். அப்படிப்பட்ட மாநிலத்துக்கு இந்தத் திட்டம் அவசியம். அதைக் கொண்டுவந்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

என் கேள்வி நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தைப் பற்றியது.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். கட்டடத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கிற தொழிலாளி. பெங்களூர் சாலையில் டூவீலரில் போகும்போது அடிபட்டார். தலையில் ரத்தக்கட்டு. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார்கள். அந்த மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மூன்றாவது வாரம் டிஸ்சார்ஜ். வலது கை மடங்கியபடி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடக்கின்றன. தட்டைப் பார்க்கிறார், சோற்றைப் பார்க்கிறார். பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. சட்டையை எடுத்தால் எந்தக் கையை முதலில் நுழைப்பது என்று புரியவில்லை. மனைவி ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவருக்கு ஊட்டிவிட உட்கார்ந்தார். ஒருவருக்கு அடிபட்டதில் இரண்டு வருமானம் போயிற்று. மூத்த பெண் பள்ளிக்கூடத்துக்குப் போவதும் நின்றது.

அந்தக் கைக்கு அப்போதே என்ன செய்திருக்க வேண்டும் தெரியுமா? வார்டில் இருக்கும்போதே, இறுகுவதற்கு முன்னால், ஒரு ஸ்பிளிண்ட் போட்டிருக்க வேண்டும். தெர்மோபிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் இளகும். எடுத்துத் துடைத்து, மணிக்கட்டைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டு, கையின் மேலேயே வைத்து வளைக்க வேண்டும். ஆறி இறுகுவதற்குள் சில நிமிடங்கள்தான் அவகாசம். கட்டைவிரல் எங்கே நிற்க வேண்டும், எலும்பு துருத்தும் இடத்தில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று செய்பவரின் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு தினமும் உட்கார வைத்துப் பழக்க வேண்டும்: டம்ளரைப் பிடிக்க, பொத்தானை மாட்ட, இடது கையால் தட்டைப் பிடித்து வலது கையால் பிசைய. நான்கரை ஆண்டு ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதைத்தான் கற்றுக்கொண்டு வருகிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு, தீக்காயம் பட்டவருக்கு, மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, மனநோயிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்ப நினைப்பவருக்கு, எல்லோருக்கும் அன்றாட வாழ்க்கையைத் திரும்பக் கையில் கொடுக்கிற வேலை இது.

இங்கே இருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளைக் கேட்கிறேன். அரசு மருத்துவமனையில், நிரந்தரப் பணியிடத்தில், காலமுறை ஊதியத்தில் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். பார்த்துக்கொள்ளுங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 கல்லூரிகளைத் திறந்தோம் என்று பெருமைப்பட்டோம். கட்டடம் எழும்பியது, சிடி ஸ்கேன் வந்தது. கையைப் பழக்குகிற ஆளுக்கு ஒரு நாற்காலி போட மனம் வரவில்லை.

வேலூரில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியது இந்த மண்ணில்தான். நிமிர்த்திய விரல் தானாக வேலை செய்துவிடாது, பழக்கினால்தான் செய்யும் என்பதும் இங்கேயே கண்கூடாயிற்று. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் இந்த ஊரில் மறுவாழ்வு மையம் எழும்பியது அவருடைய உழைப்பில். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1950-லேயே கமலா நிம்ப்கர் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கிவிட்டார். எழுபத்தைந்து ஆண்டு ஆகிறது. புது வேலை, மக்களுக்குத் தெரியாத வேலை என்று இனி எந்த அதிகாரியும் நம்மிடம் சொல்லக் கூடாது.

இப்போது வாக்குறுதிக்கு வருகிறேன். இதில் தெரபிஸ்டுகளான நம்மைவிட அதிகம் அடிபட்டவர்கள் செவிலியர்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு பொறுங்கள், காலமுறை ஊதியத்துக்கு மாற்றுகிறோம் என்றார்கள். அன்று ஆண்டது ஒரு கட்சி. இரண்டு ஆண்டு முடிந்தது. தெருவுக்கு வந்தார்கள். கைதானார்கள். 2021 வந்தது. எதிர்க்கட்சி 505 வாக்குறுதிகளோடு வந்தது. ஒப்பந்தச் செவிலியர்கள் நிரந்தரமாவார்கள் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. ஆட்சி மாறியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிலரை நிரந்தரமாக்கினார்கள், மறுக்கவில்லை. மீதிப் பேர் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களை நினைத்துப் பாருங்கள். பெற்ற தாயின் உடலைத் தொடப் பிள்ளைகளே பயந்த நாளில், பாதுகாப்பு உடைக்குள் வியர்வை வழிய, எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள். 2022 டிசம்பர் 31-ஓடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பினார்கள். மறுநாள் புத்தாண்டு. போராடியபிறகு மாற்றுப் பணி தருகிறோம் என்றார்கள். அதுவும் ஒப்பந்தம்தான். 

சமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் விருது கிடைத்தது. நல்ல திட்டம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்த மாத்திரையைக் கொண்டுவரும் அக்காவுக்கு அரசு வைத்த பெயர் தன்னார்வலர். கொடுப்பது ஊக்கத்தொகை. வெயிலில் தெருத்தெருவாக நடக்கிறார், கணக்கு எழுதுகிறார், செயலியில் பதிவு செய்கிறார். வேலை முழுவேலை. அவரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள மட்டும் அரசு தயாராக இல்லை. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடுவீடாகப் போகிறார், அவரும் ஒப்பந்தம். விருதை வாங்க மேடைக்குப் போகிற அரசு, விருதை வாங்கிக் கொடுத்த கைகளுக்கு ஒரு நியமன ஆணை கொடுக்கட்டும் என்று கேட்கிறோம்.

மாநில அரசை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் நேர்மையானவன் இல்லை. நம்மைப் போன்ற துணை மருத்துவத் தொழிலர்களுக்கென்று 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தேசிய ஆணையம், மாநிலம்தோறும் கவுன்சில், பதிவேடு எல்லாம் அதில் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆறு மாதத்தில் மாநிலக் கவுன்சில் அமைக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. மூன்று ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாத கெடு விதிக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்தில் யார் லாபம் அடைந்தார்கள்? ஆறு மாத டிப்ளமா வைத்துக்கொண்டு தெருமுனையில் தெரபி சென்டர் போர்டு மாட்டியவர்கள். நஷ்டம் யாருக்கு? மகனுக்கு ஆட்டிசம் என்று கேட்டதும் நகையை அடகு வைத்து அங்கே ஓடிய தாய்க்கு.

நிரந்தரம் கேட்டால் உமாதேவி தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2006 தீர்ப்பு. கொல்லைப்புற நியமனத்தைத் தடுக்க வந்தது அது. நம் செவிலியர்கள் தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டு விதிப்படி வந்தவர்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: ஆண்டுக்கணக்கில் நிரந்தர வேலையை வாங்கிக்கொண்டு, உமாதேவியைக் காட்டித் தொழிலாளியைத் துரத்தக் கூடாது என்று. இந்தத் தீர்ப்பை நம் சங்கத் தோழர்கள் ஒவ்வொருவரும் பையில் வைத்திருங்கள்.

இன்னொரு தீர்ப்பும் உண்டு. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. இலவசத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்தது. 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதன்படி தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது: வாக்குறுதி கொடுக்கிற கட்சி, அதற்கான காரணத்தையும் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக் கொடுக்கிற எந்த அறிக்கைக்கும் நாம் கை தட்டக் கூடாது. எத்தனை பணியிடம், எந்த மருத்துவமனையில், எந்தத் தேதிக்குள் அரசாணை, எந்தத் தலைப்பில் நிதி? இது இல்லாத வரிக்கு நம் சங்கம் நன்றி அறிக்கை வெளியிடக் கூடாது. சென்ற தேர்தல்களில் அவசரப்பட்டுச் சால்வை போர்த்திய சங்கத் தலைவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நிதி இல்லை என்பார்கள். அந்தச் சென்ட்ரிங் தொழிலாளிக்குத் தலையில் அறுவை சிகிச்சை செய்ய அரசு செலவழித்த பணம் பெரிது. அதற்குப் பிறகு சில மாதம் கையைப் பழக்க ஒரு தெரபிஸ்டுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் அவர் ஏதாவது ஒரு வேலைக்குத் திரும்பியிருப்பார். மனைவியின் வேலை போயிருக்காது. பெண் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். அந்தச் சம்பளத்தை மிச்சப்படுத்திவிட்டு அவருக்கு மாதாமாதம் மாற்றுத்திறனாளி உதவித்தொகை கொடுக்கிறது அரசு. உயிரைக் காப்பாற்றப் பணம் இருக்கிறது, அந்த உயிர் வாழப் பணம் இல்லை என்று சொல்கிற கணக்கை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடங்களைத் தோற்றுவியுங்கள். தேர்வு வாரியம் மூலம் நிரப்புங்கள், காலமுறை ஊதியத்தில். 48 மணி நேரத் திட்டத்தை மறுவாழ்வு முடியும்வரை நீட்டுங்கள். காத்திருக்கும் செவிலியர் அனைவரையும் நிரந்தரமாக்கத் தேதி சொல்லுங்கள். தன்னார்வலர் என்ற பெயருக்குள் ஒளித்துவைத்த பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமாவது கொடுங்கள்.

அடுத்த வாரம் உங்கள் தெருவுக்கு வேட்பாளர்கள் வருவார்கள். எந்தக் கட்சிக் கொடியாக இருந்தாலும் வரவேற்று உட்கார வையுங்கள். உங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் வீட்டுக்கு ஒரு நிமிடம் கூட்டிப் போங்கள். இந்தக் கோரிக்கைகளை எழுதிய தாளை நீட்டுங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்டவர் பெயரையும் போடாதவர் பெயரையும் தேதியோடு குறித்து, வாக்குப்பதிவுக்கு முன்னால் சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். தொகுதிவாரியாக அச்சடித்து, ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் ஒட்டுவோம்.