தீவில் செவிலியர் பணி

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களுக்குச் சென்றோருள் பல தொழிலினரும் உளர். அவர்களுள் செவிலியரின் நிலை சற்றுத் தனித்தன்மை வாய்ந்தது. கோப்புகளோடு பழகுவோர் புதிய ஊரின் மொழியை ஆறுதலாகக் கற்றுக்கொள்ளலாம். செவிலிக்கோ அந்த அவகாசம் இல்லை. பணியேற்ற முதல் இரவிலேயே ஒரு நோயாளி தம் உடலின் துன்பத்தை அறியா மொழியிற் சொல்வார். அதை அவர் உணர்ந்தே ஆகவேண்டும். சில திங்களுக்கோ ஓரிரண்டு ஆண்டுகளுக்கோ ஒப்பந்தத்தின்பேரிற் புதிய இடத்திற் பணியேற்க எண்ணும் செவிலியரையும், அவர்தம் குடும்பத்தாரையும் மனத்திற்கொண்டு சில செய்திகளை இன்று சொல்ல விழைகிறோம். எடுத்துக்காட்டாக அந்தமானில் உள்ள வண்டூரை எடுத்துக்கொள்வோம்.

தலைநகராகிய போர்ட் பிளேருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், தென் அந்தமானின் மேற்குக் கரையில் இருக்கும் சிற்றூர் வண்டூர். 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அதுவே வாயில். பவளப்பாறைகளைக் காண்போர் அங்கிருந்துதான் படகேறுகின்றனர். ஊரின் பெயரோ கேரளத்து மலப்புறத்திலிருந்து வந்தது. 1921ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் அந்தமானுக்கு அனுப்பப்பட்டோர், தாம் குடியேறிய இடங்களுக்கு மஞ்சேரி, திரூர், வண்டூர் எனத் தம் ஊர்ப் பெயர்களையே இட்டனர். ஆகவே வண்டூருக்குச் செல்லும் செவிலி, தமக்கு முன்பே ஊரை விட்டு வந்தவர்கள் பெயரிட்ட இடத்திற்குத்தான் செல்கிறார்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டுவது பதிவு. தமிழகத்திற் செவிலியர் பதிவுக்கு 1926ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அடிப்படையிட்டது. அகில இந்திய அளவில் 1947இல் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. 2023இல் நாடாளுமன்றம் புதிய ஆணையச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இந்திய அளவில் ஏற்கப்பட்ட படிப்பு ஒரு மாநிலத்தோடு நின்றுவிடுவதன்று. ஆயினும் படிப்பு வேறு, பதிவு வேறு. தாய்க் குழுமத்தின் தடையில்லாச் சான்றும், செல்லும் இடத்தில் எந்தப் பதிவு செல்லும் என்பதற்கான எழுத்து மூலமான விடையும் கைக்கு வந்த பின்னரே பயணச்சீட்டு வாங்குதல் நலம். வாய்ச்சொல்லை நம்பிக் கடல் கடந்தவர், பதிவு வரும்வரை ஊதியமின்றிக் காத்திருக்க நேரிடலாம்.

அடுத்தது நியமன ஆணை. ஊதியத் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. தங்குமிடம் உண்டா, பயணச் செலவு யாருடையது, விடுப்பு எத்தனை நாள், ஒப்பந்தம் இடையில் முறிந்தால் திரும்பும் செலவை யார் ஏற்பர் என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். சென்னையிலிருந்து கப்பலிற் சென்றால் ஏறத்தாழ மூன்று நாட் பயணம். வானூர்தியில் சில மணி நேரமே எனினும், நினைத்த மாத்திரத்தில் ஊர் திரும்பும் தொலைவன்று. மழை மே மாதம் முதல் ஆண்டின் இறுதிவரை விட்டுவிட்டுப் பெய்யும். கடல் சீறினால் தீவுகளுக்கிடையே படகுகள் நின்றுவிடும்.

பொழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. கதிரவன் மட்டும் அந்தமானிற் சென்னையைக் காட்டிலும் ஏறத்தாழ 50 நிமிடம் முந்திக்கொள்கிறான். மாலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் இருட்டிவிடும். எனவே மாலைப்பணி முடிந்து திரும்புவோருக்கு விடுதி எவ்வளவு தொலைவு, வண்டி உண்டா என்பது முதலிலேயே கேட்கவேண்டிய கேள்வி.

இனி மொழிக்கு வருவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அழுத்தமாகச் சொல்லத்தக்கது இதுவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் வங்காளி பேசுவோர் முதலிடத்திலும், இந்தி பேசுவோர் அடுத்தும், தமிழர் மூன்றாமிடத்திலும் உள்ளனர். நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழர். தெலுங்கரும் மலையாளிகளும் நிக்கோபாரியரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் பொதுவாகப் பேச்சிந்தி வழங்குகிறது. எனவே தமிழ்ச் செவிலிக்குத் தமிழ் கேட்கும் வாய்ப்பு நிறைய உண்டு. நோயுற்ற தமிழ்க் கிழவி ஒருத்தி, 'அம்மா, நீ எந்த ஊரு?' என்று கேட்கும்போது இருவருக்குமே பாதி நோவு தீர்ந்தாற்போல் இருக்கும். அந்த இன்பத்தைக் குறை கூறுவார் யார்? ஆனால் அடுத்த கட்டிலில் வங்காளத்து மூதாட்டி ஒருத்தி பேச்சுத் துணையின்றிக் கிடப்பதை அந்த இன்பம் மறைத்துவிடலாகாது.

மொழி அறிதல் வெறும் மரியாதைக்காக அன்று. மருத்துவத்திற்கே அது இன்றியமையாதது. மலையாளி ஒருவர் 'பனி' என்றால், நமக்கு மார்கழிப் பனி நினைவுக்கு வரும். அவர் சொல்வதோ காய்ச்சல். இந்தி பேசுவோர் 'கப்ராஹட்' என்பர். அகராதியைப் புரட்டினால் கலக்கம், பதற்றம் என்று பொருள் காணும். அலுவலக மடலில் அப்படி மொழிபெயர்த்தால் யாரும் குற்றம் சொல்லார். ஆனால் நோயாளி அச்சொல்லால் நெஞ்சுப் படபடப்பையும் மூச்சுத் திணறலையும் குறிப்பதுண்டு. 'நோயாளி பதற்றமாக இருக்கிறார்' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதிவிட்டால், இதயத்தைச் சோதிக்க வேண்டிய நேரம் கழிந்துவிடக்கூடும். நம் 'மயக்கம்' மட்டும் என்ன? தலைசுற்றலும் அதுவே, நினைவிழத்தலும் அதுவே. எனவே நோயாளி கூறிய சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, உடலில் எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டு அதன் கீழே விளக்கம் எழுதுதல் நல்ல வழக்கம்.

உறவு காணும் சொற்களும் உண்டு. வங்காளியரின் 'ஜொர்' நம் ஜுரமே. தெலுங்கரின் 'நொப்பி' நம் நோவுக்கு உடன்பிறப்பு. ஒரு சிறு குறிப்பேட்டில் நாளொன்றுக்கு ஐந்து சொல் எழுதினாலும், மூன்று திங்களில் நானூற்றுக்கு மேல் சேரும். அதுவரை மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கும். அப்போது நோயாளியின் சிறுமகளை நிறுத்தித் தாயின் கருப்பை நோயைப் பற்றிக் கேட்டல் தகாது. அறிந்த பெண் பணியாளர் ஒருவரை அழைத்தல் வேண்டும்.

சொல்லின் பயன் நோயறிதலில் எவ்வாறு வெளிப்படும் என்பதற்கு ஒரு சான்று. 1988 முதல் அந்தமானில் மழைக்காலத்தை ஒட்டி, நுரையீரலிற் குருதி கசியும் கொடிய காய்ச்சல் ஒன்று தோன்றியது. 1993இல் அது எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் கால் வெடிப்பு வழியே நோயை ஏற்றும். ஆகவே காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் வரும் உழவரை, 'வயலில் இறங்கினீரா? காலிற் புண் உண்டா?' என்று கேட்கத் தெரிந்த செவிலி ஓர் உயிரையே காக்கக்கூடும். அந்நோயை மலையாளிகள் 'எலிப்பனி' என்பர். பனி என்பது காய்ச்சல் என்று அறியாதவர் அங்கே என்ன செய்வார்?

அத்தீவுகளின் பழங்குடியினரைப் பற்றி ஒரு சொல். 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அவர்தம் பகுதிகளுக்குள் இசைவின்றிச் செல்லலாகாது. 1996இல் கால் முறிந்த ஜாரவா இளைஞர் ஒருவர் தலைநகர் மருத்துவமனையில் சில திங்கள் வைத்துக் குணமாக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அதன் பின்னரே அம்மக்கள் அச்சம் நீங்கி வெளியே வரலாயினர். ஆனால் 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அன்பு ஒன்றே போதாது, எச்சரிக்கையும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. லிட்டில் அந்தமானில், நூறு பேரளவே எஞ்சிய ஓங்கே மக்களிடையே, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக் காலத்திலும் பணிபுரிந்த துணைச் செவிலியர் சாந்தி தெரசா லக்ராவுக்கு 2011இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பெரிய பட்டமும் பெரிய மருத்துவமனையும் இன்றியே செவிலியர் பணி எத்துணை உயரத்தை எட்டும் என்பதை அவர் காட்டினார்.

இறுதியாக, வீட்டிலிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். மகளையோ மருமகளையோ தொலைதூரம் அனுப்பிவிட்டு, 'பணம் வந்ததா?' என்பதை மட்டும் கேளாதீர்கள். 'இன்று என்ன சொல் கற்றாய்? யாருக்கு நோய் தீர்ந்தது?' என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஊர் திரும்பலாம். இன்னொரு மாநிலத்திற்கும் செல்லலாம். அங்கே அவர் விட்டு வருவது, அறியாத ஒருத்தி வந்து தம் மொழியிலேயே 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்டாள் என்னும் நினைவு. தமிழர் பிற மாநிலங்களில் ஈட்டத்தக்க நற்பெயர்களுள் இதனினும் மேலானது உண்டோ என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.