பழைய டோர்ச்சுக்கும் ஒரு வேலை இருக்கு

(தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் நீட்டி முழக்கப் போவதில்லை. இன்றைக்குப் பேசப்போவது ஒரு சின்னச் சாமானைப் பற்றி. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற பழைய டோர்ச் லைட்டைப் பற்றி.

இப்போது அநேகமான காம்பராக்களில் சார்ஜ் பண்ணுகிற புது டோர்ச் வந்துவிட்டது. வெளிச்சம் கூட, பெட்டரி வாங்கும் செலவு இல்லை. நல்ல காரியம். ஆனால் புதுசு வந்த பிறகு பழசு எங்கே போகிறது? நாங்கள் லயங்களுக்குப் போகும்போது கேட்டுப் பார்க்கிறோம். சுவர்த்தட்டில் ஒன்று, கட்டிலுக்குக் கீழே ஒன்று, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானோடு ஒன்று. "இது எரியுதா?" என்று கேட்டால், "தெரியாதுங்க, சும்மா கெடக்கு" என்கிறார்கள். உள்ளே பெட்டரி இருக்கிறதா என்றால் அதுவும் தெரியாது.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. முதல் தவறு எங்களுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு தோட்டத்தில் நாங்கள் வீடு வீடாகப் போய் புது டோர்ச் கொடுத்தோம். கொடுக்கும்போது ஒரு புத்திமதியும் சொன்னோம். "பழசைத் தூக்கி எறியாதீங்க, வயசானவங்க கையில கொடுங்க" என்றோம். நல்ல வார்த்தை சொன்னதாகவே நினைத்தோம். கடைசி லயத்தில் ஓர் அப்பாயி இருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டு, மருமகள் வீட்டிலிருந்த பழைய ரெண்டு பெட்டரி டோர்ச்சை அவரிடம் கொடுத்தார். அப்பாயி அதைத் தலையணைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். கரண்ட் இருந்தபடியால் அதற்குப் பல மாதமாக வேலை வரவில்லை.

ஒரு மழை இரவில் கரண்ட் நின்றுவிட்டது. அப்பாயி கக்கூசுக்குப் போக எழுந்தார். டோர்ச்சைத் தட்டினார். மங்கலாக, செவப்பாக எரிந்தது. அதை நம்பி இஸ்தோப்பைத் தாண்டிப் படியில் இறங்கினார். மூன்றாவது படியில் வெளிச்சம் அணைந்துவிட்டது. படியிலே பாசி. விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு நாங்கள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது இதுதான்: "லைட்டே இல்லேன்னா நான் மருமகளை எழுப்பியிருப்பேன் ஐயா. லைட்டு இருக்குன்னுதானே தனியா எறங்கினேன்."

அந்த டோர்ச்சை வாங்கித் திறந்து பார்த்தோம். பெட்டரி இரண்டும் வீங்கி, கசிந்து, சுருள் கம்பியெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கொடுக்கச் சொன்ன நாங்கள் ஒரு நாளாவது மூடியைத் திறந்து பார்த்தோமா? இல்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. டோர்ச் இல்லாத வீட்டைவிட, எரியாத டோர்ச்சை நம்பி இருக்கிற வீட்டுக்கு ஆபத்து கூட. கொடுக்கிறதென்றால் எரிகிறதைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கொடுக்கவே கூடாது.

"அப்படியென்றால் பழசையெல்லாம் வீசிவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். ஏனென்று சொல்கிறோம்.

புது டோர்ச்சுக்குச் சாப்பாடு கரண்ட். கரண்ட் இல்லாவிட்டால் ஒன்றிரண்டு இரவோடு அதன் பலம் முடிந்துவிடும். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்து, பாதை மூடி, கரண்ட் கம்பி அறுந்து போனது. அந்த மாதிரி நாட்களில் சார்ஜ் பண்ண வழி இல்லை. ஆனால் பழைய டோர்ச்சுக்கு ஒரு சோடி புதுப் பெட்டரி இருந்தால் போதும், எரியும். புதுசு கைவிடுகிற நேரத்தில்தான் பழசுக்கு வேலை.

இன்னொன்றையும் யோசியுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், மண்சரிவு அபாயமுள்ள இடங்களிலிருந்து வெளியேறும்படி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது. அது நடுச்சாமத்திலும் வரலாம். ஒரு லயத்தில் பத்துக் குடும்பம், கைப்பிள்ளை, கர்ப்பிணித் தாய், நடக்க மாட்டாத தாத்தா. எல்லோரும் இருட்டில் படி இறங்க வேண்டும். வீட்டுக்கு ஒரு டோர்ச் என்றால் முன்னால் போகிறவருக்குத்தான் வெளிச்சம். பின்னால் வருகிறவருக்கும் ஒன்று வேண்டும் அல்லவா?

டோர்ச் இல்லாத வீட்டில் குப்பி லாம்பைக் கொளுத்துவார்கள். அது கவிழ்ந்து எத்தனை பேர் வெந்து போனார்கள்! அப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர என்பவர், எளிதில் உருளாத, திருகு மூடி போட்ட பாதுகாப்பான லாம்பு ஒன்றை நம் நாட்டில் உருவாக்கினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. அந்த அளவுக்குப் பெரிய பிரச்சினை அது. கையில் எரிகிற டோர்ச் இருந்தால் அந்தத் தீக்கே இடமில்லை.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பழைய டோர்ச்சையெல்லாம் தேடி எடுத்து ஒரு பழைய பேப்பரில் வையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக மூடியைத் திறவுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, எரிகிறது. இதன் பெட்டரியைக் கழற்றி, டோர்ச்சோடு சேர்த்து ஒரு பையில் வையுங்கள். உள்ளே போட்டே மாதக் கணக்கில் வைத்தால் கசியும். சாதாரணப் பெட்டரியின் வெளித்தகடு நாகத்தால் ஆனது. பெட்டரி வேலை செய்யச் செய்ய அந்தத் தகடு அரித்து ஓட்டையாகும். உள்ளே இருக்கிற நீர் வெளியே வரும். எரியாமல் சும்மா கிடந்தாலும் இது மெதுவாக நடக்கும். வயதானவர்களுக்கு இருட்டில் பெட்டரி போடுவது கஷ்டம். ஆகவே அவர்கள் கையிலிருக்கும் டோர்ச்சில் மட்டும் நல்ல பெட்டரியைப் போட்டே வைத்து, சம்பள நாளுக்குச் சம்பள நாள் வீட்டில் ஒருவர் திறந்து பார்த்து, எரிய வைத்துக் காட்ட வேண்டும். அந்த வேலையைப் பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள். அப்பாயிக்கும் பேச்சுத் துணையாக இருக்கும்.

இரண்டாவது, எரியாது, ஆனால் உடையவில்லை. இதில் பாதி டோர்ச்சுக்குப் பெரிய நோய் ஒன்றும் இருக்காது. சுருள் கம்பியும் சுவிட்சின் பித்தளைத் தகடும் அழுக்கேறியிருக்கும். பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தாலே பளபளப்பு வரும். கசிந்த தூள் இருந்தால் கையில் ஒரு பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பெட்டரியில் 'அல்கலைன்' என்று போட்டிருந்தால் ஒரு சொட்டு தேசிக்காய்ப் புளியைத் தொட்டுத் துடைத்தால் சுத்தமாக விடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

பல்ப் போயிருந்தால், பழைய டோர்ச்சில் திருகிப் போடுகிற சின்ன எல்.ஈ.டி. பல்ப் ஒன்றைக் கடையில் கேட்டுப் பாருங்கள். பழைய இழை பல்ப், வருகிற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணாக்கும். எல்.ஈ.டி. போட்டால் அதே பெட்டரி பல மடங்கு நேரம் வரும். வாங்குமுன் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஒரு பெட்டரி 1.5 வோல்ட், இரண்டு போட்டால் 3 வோல்ட். அதற்குப் பொருந்துகிறதைத்தான் வாங்க வேண்டும்.

பெட்டரி போடும்போது புதுசும் பழசும் கலந்து போடாதீர்கள். "ஒண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று வைத்தால், பலமில்லாதது சீக்கிரம் கசிந்து டோர்ச்சையே கெடுக்கும். சோடியாக மாற்றுங்கள். பலம் போனதை வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் எரியும், உண்மைதான். ஆனால் சூடு ஏற ஏறக் கசிவும் கூடும்.

மூன்றாவது, இனி ஆகாது. உடைந்தது, துரு ஏறியது, வீங்கியது. இதைத்தான் கவனமாகக் கேளுங்கள்.

தேய்ந்த பெட்டரியை அடுப்பில் போடாதீர்கள், வெடிக்கும். பீலிக்கரையில், கானில், தேயிலை அடியில் எறியாதீர்கள். பிள்ளைகள் அதை உடைத்துக் கரிக்குச்சி எடுத்து விளையாடுவார்கள். அந்தக் காலத்தில் சிலர் உள்ளே இருக்கிற கறுப்புத் தூளைச் சாணத்தோடு கலந்து தரை மெழுகினார்கள். அது வெறும் கரி அல்ல, மங்கனீசு கலந்த தூள். தவழுகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சார்ஜ் பண்ணுகிற மலிவான டோர்ச் பழுதானால் உடைக்காதீர்கள். பலவற்றில் உள்ளே ஈயப் பெட்டரி இருக்கிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதை உருக்கித் தூண்டில் குண்டு செய்கிற பழக்கமும் வேண்டாம். வேறு சிலவற்றில் லித்தியம் பெட்டரி இருக்கும். அது வீங்கியிருந்தால் சார்ஜ் பண்ணவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது சின்ன டோர்ச்சிலும் விளையாட்டுச் சாமானிலும் இருக்கிற பொத்தான் மாதிரியான தட்டைப் பெட்டரி. பழைய டோர்ச்சைப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கிறோமே, அதற்குள் இது இருந்தால்? பிள்ளை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "தானா வந்துரும், காலையில பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பெட்டரி விழுங்கியிருக்கலாம் என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஆகாததை என்ன செய்வது? மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், நனையாத இடத்தில் வையுங்கள். தட்டைப் பெட்டரிக்கும் லித்தியம் பெட்டரிக்கும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். சங்கத்துக்கு நாங்கள் வைக்கிற யோசனை இது: சங்க அறையில் மூடி போட்ட வாளி ஒன்று வைப்போம். அதில் சேர்ந்ததை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கப் பிரதேச சபையோடு பேசுவோம். தனி ஒரு வீட்டால் முடியாத காரியம், சங்கமாகச் சேர்ந்தால் முடியும்.

அதேபோல எரிகிற பழைய டோர்ச்சில், வீட்டுக்கு மிஞ்சியதைச் சேர்ப்போம். மூன்றோ நான்கோ போதும். புள்ளக் காம்பராவில் ஒரு பெட்டியில், பெட்டரி தனியாகப் போட்டு வைப்போம். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். இராத்திரியில் பிரசவ வலி கண்ட தாயைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கும்போதும், மழையில் லயத்தைக் காலி செய்யும்போதும் அந்தப் பெட்டி பேசும். மாதக் கூட்டம் தொடங்குமுன் அவற்றை ஒவ்வொன்றாக எரிய வைத்துப் பார்த்த பிறகே கணக்கு வாசிப்போம். என்ன சொல்கிறீர்கள்?

அந்த அப்பாயி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். போன முறை நாங்கள் போனபோது தலையணைக்குப் பக்கத்திலிருந்த டோர்ச்சை எடுத்து, எங்கள் முகத்துக்கு நேரே அடித்துக் காட்டிச் சிரித்தார். பேத்தி மாதா மாதம் திறந்து பார்க்கிறாளாம். பழைய டோர்ச்தான். சுத்தம் செய்து புதுப் பெட்டரி போட்டது.

உங்கள் வீட்டு டோர்ச்சையும் இன்றிரவே திறந்து பாருங்கள்.  படியில் பார்த்து இறங்குங்கள்.