திரையில் ஒரு பெரும்போர்: நிறையும் குறையும்



கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களை விட்டு, நம்மவர் பலர் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தனர். பிள்ளைகளின் விளையாட்டும் அத்தோடு மாறிவிட்டது. பெரட்டுக் களத்தில் பந்து உதைத்தவர்களின் பிள்ளைகள் இன்று கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கிறார்கள். "அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்கிறோம். விடை கிடைப்பதற்குள் "மூடு அதை!" என்றும் சொல்லிவிடுகிறோம். இன்று அத்தகைய விளையாட்டு ஒன்றின் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

அதன் பெயர் 'சுப்ரீம் கமாண்டர்'. கனடாவில் பிறந்த கிறிஸ் டெய்லர் வடிவமைத்தது; 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. வருங்காலத்தில் மனித இனம் மூன்றாகப் பிரிந்து ஆயிரம் ஆண்டுகள் போரிடுகிறது என்பது கதை. ஆடுபவர் ஒரே ஒரு தளபதி இயந்திரத்தோடு தொடங்கி, ஆலைகள் கட்டி, நூற்றுக்கணக்கான போர்க்கருவிகளைப் படைக்கிறார். வழக்கமான ஆட்டத்தில் அந்தத் தளபதி அழிந்தால் ஆட்டமும் முடிந்தது.

முதல் நிறை, அதன் பரப்பு. மிகப் பெரிய களங்கள் பக்கத்திற்கு 81 கிலோமீட்டர் அளவுடையவை. சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் போகும் தூரத்தைவிட அது அதிகம்! சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் ஒற்றைப் பீரங்கியையும் அருகில் பார்க்கலாம். களம் முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். பால்வெட்டுபவருக்குத் தம் நிரை தெரியும். கிராணியாருக்குச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் தோட்டம் முழுவதும் தெரியும். இந்த இரு பார்வையும் ஒருவருக்கே வாய்ப்பது இங்கேதான்.

இரண்டாவது நிறை, அதன் பொருளாதாரம். கனிமம், ஆற்றல் என்ற இரண்டும் இடைவிடாமல் வந்துகொண்டும் செலவாகிக்கொண்டும் இருக்கும். வரவுக்கு மேல் வேலைகளைத் தொடங்கினால் அத்தனை வேலைகளும் மந்தமாகிவிடும். ஒரே மாதத்தில் வீட்டைப் புதுப்பித்து, கார் வாங்கி, கல்யாணமும் வைத்துக்கொண்ட குடும்பத்தின் கதை நமக்குத் தெரியாதா? அந்தப் பாடத்தை இளைஞர் அங்கே தோற்றுத் தோற்றுக் கற்கிறார்.

இனிக் குறைகளுக்கு வருவோம். படை பெருகப் பெருகக் கணினி திணறும். பலர் சேர்ந்து ஆடும்போது, ஒருவருடைய கணினி வேகம் குறைந்தால் எல்லோருடைய ஆட்டமும் அதற்கேற்ப மெதுவாகும். வசதி குறைந்த வீட்டுப் பையன்தான் அப்போது நண்பர்களின் ஏச்சைக் கேட்பான். அவன் புதிய கணினி கேட்டு அடம்பிடிப்பதன் காரணம் ஆசை மட்டுமன்று.

அடுத்தது, உயரத்திலிருந்து பார்த்தால் படைகள் யாவும் வெறும் குறிகளாகிவிடும். நூறு குறிகள் மறைந்தாலும் மனம் பதைப்பதில்லை. செக்ரோலில் நம் பெற்றோரும் ஓர் எண்ணாகத்தான் இருந்தார்கள். மேலிருந்து பார்ப்பவருக்குக் கீழே இருப்பவர் முகம் தெரியாமல் போவதன் வேதனையை நாம் அறிவோம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்களும் நாமே.

மூன்றாவது குறை, நேரம். ஓர் ஆட்டமே ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடும். 2019-இல் உலகச் சுகாதார மன்றம் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் ஒரு கோளாறாக இடம்பெற்றது. விருப்பத்தோடு ஆடும் எல்லோரும் நோயாளிகள் என்று அதற்குப் பொருளில்லை. கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உறவும் கெட்ட பின்னும், பொதுவாக ஓராண்டுக் காலமாவது நிறுத்த முடியாமல் ஆடுவதே நோய்.

2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பரப்பைச் சுருக்கி, கணக்கையும் எளிதாக்கினார்கள். பழைய ரசிகர் பலர் அதை விரும்பவில்லை. முதல் பாகத்தின் தொடர்ச்சியை ஆர்வலர்களே இணையத்தில் பேணி ஆடிவருகிறார்கள். எது சுமையோ அதுவே சுவையாகவும் இருந்திருக்கிறது!

ஆகவே பெற்றோரே, ஒருநாள் மாலை மகனருகில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "எதனால் தோற்றாய், தம்பி?" என்று கேளுங்கள். அவன் விளக்கட்டும். பிறகு, "இன்றைக்கு ஓர் ஆட்டம் போதும்" என்று சொல்லுங்கள். தன் ஆட்டத்தைப் புரிந்துகொண்டவர் சொல்லும் சொல்லுக்கு அவன் செவிசாய்ப்பான்.