கடலும் பிளாஸ்டிக் மணிகளும்
(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



2025 மே 25-ஆம் நாள் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. சில நாட்களில் நம் குமரி மாவட்டக் கரையிலும் வெள்ளை மணிகள் ஒதுங்கின. பார்வைக்கு ஜவ்வரிசிதான். ஆனால் பிளாஸ்டிக் சாமான்கள் செய்வதற்கான மூலப்பொருள் அது. இதற்கு முன், 2021-ல், கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் ஏறத்தாழ 1,680 டன் மணிகளைச் சுமந்து வந்தது. நீர்கொழும்பில் நம்மைப் போன்ற கத்தோலிக்க மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றார்கள்.

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்பர். மீன் அதை இரையென்று எண்ணி விழுங்குகிறது. வயிறு நிரம்பும், உடம்பில் சத்து சேராது. கடல்நீரிலுள்ள நச்சுப் பொருள்களும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

சிப்பியின் கதை இன்னும் மோசம். குளச்சல், கடியபட்டினம் பாறைகளில் நம்மவர் முங்கி எடுக்கும் சிப்பி, நீரை உறிஞ்சி வடிகட்டித்தான் இரை தேடுகிறது. நீரில் உள்ளதெல்லாம் அதற்குள் போகும். பிரான்சு நாட்டில் ஆளிச் சிப்பிகளை இரண்டு மாதம் பாலிஸ்டைரீன் துகள் கலந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். அவை இட்ட முட்டைகள் 38 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2016-ல் வெளியிட்டார்கள். பாலிஸ்டைரீன் என்பது வேறொன்றுமில்லை. நாம் மீனும் ஐஸும் வைக்கும் தெர்மோகோல் பெட்டிதான்! ஆய்வுக்கூடத்தில் கண்டது கடலிலும் அதே அளவில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முட்டை குறைந்தால் நாளைய மடி என்னவாகும் என்பதைக் கடலோடிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல்காரன்மேல் வழக்குப் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் கிழிந்த நைலான் வலையைக் கடலில் விட்டு வருவது யார்? பருத்தி வலை மக்கிப் போயிற்று. நைலான் மக்குவதில்லை, வெயிலிலும் அலையிலும் நைந்து நைந்து நூல்நூலாகிறது. அந்த நூல்தான் நெத்தோலியின் வயிற்றில் போகிறது. நெத்தோலிக் கருவாட்டை நாம் குடலோடுதானே தின்கிறோம்!

கிழிந்த வலைக்கும் கயிற்றுக்கும் உடைந்த பெட்டிக்கும் கரையில் ஓர் இடம் இல்லாதவரை, "கடலில் போடாதே" என்று பிரசங்கம் செய்வதில் நியாயமில்லை. ஏலம் போடும் இடத்திற்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போதும். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி தந்தை அவர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.