டிஸ்க் பூஜ்யமா, டிஸ்க் ஒன்றா?

(‘கம்ப்யூட்டரில் கோப்புகள் அழிவதற்குப் பெரிதும் காரணம் பயன்படுத்துவோரின் அவசரமே! திரையை அமைத்தவரின் குழப்பமே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘திரையை அமைத்தவரின் குழப்பமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! ‘அவசரம்தான் காரணம்’ என்று அவசர அவசரமாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் வள்ளுவரையே சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டார். ‘தெரிந்து செயல்வகை என்று 47-வது அதிகாரம் இருக்கு, எதையும் தெரிஞ்சு செய்யணும்’ என்றார். அய்யா, புத்தகத்தை ஏன் அங்கேயே மூடிட்டீங்க? இன்னும் மூணு அதிகாரம் தள்ளிப் புரட்டினால் 50-வது அதிகாரம் என்ன? இடனறிதல்! செய்கிறவனுக்கு இடம் தெரியணும். இடம் தெரியணும்னா, அந்த இடத்துக்கு ஒரு பேர் வேணுமா, வேண்டாமா? (கைதட்டல்)

வீட்டில் இருக்கிற தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாகிப் போச்சு. பையன் சொல்றான், ‘அம்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா ஏத்திடலாம்.’ பென்டிரைவைச் செருகுறான். மொழி கேட்குது, சொல்றான். அப்புறம் ஒரு திரை வருது. ‘எந்த இடத்தில் ஏற்றட்டும்?’ இந்த ஒரு கேள்விதான் நடுவர் அவர்களே, அங்கே உயிர்க் கேள்வி. மற்றதெல்லாம் தப்பாச் சொன்னால் திருத்திக்கலாம். இதைத் தப்பாச் சொன்னால் பத்து வருஷத்துப் போட்டோ போச்சு.

அப்பேர்ப்பட்ட கேள்விக்கு அது என்ன காட்டுது தெரியுமா? விண்டோஸ் 10-ஐப் பென்டிரைவிலிருந்து ஏற்றிப் பாருங்கள். ‘டிரைவ் 0, பார்ட்டிஷன் 1’, ‘டிரைவ் 0, பார்ட்டிஷன் 2’, ‘டிரைவ் 1, பார்ட்டிஷன் 1’. பக்கத்தில் அளவு. நாம நாள் முழுக்கப் பார்த்துப் பழகின சி, டி என்ற எழுத்துகளைக் காணோம். டிஸ்க் எந்தக் கம்பெனி, என்ன மாடல், காணோம். அதைவிட வேடிக்கை, நாம செருகின பென்டிரைவும் அதே வரிசையில் வந்து ஒரு நம்பரோடு நிக்குது! மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், கூடப் போன கார் டிரைவரையும் சோபாவில் உட்கார வெச்சு, ‘எது மாப்பிள்ளை, சீக்கிரம் சொல்லு’ன்னா எப்படி? (சிரிப்பு)

நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஒண்ணிலிருந்து எண்ணக் கற்றுக்கொடுக்கிறேன். இங்கே முதல் டிஸ்க் பூஜ்யம், ஆனால் அதற்குள்ளே முதல் பார்ட்டிஷன் ஒண்ணு. ஒரே வரியில் ரெண்டு கணக்கு! லினக்ஸ் பக்கம் போனாலாவது தப்பிக்கலாமா? அங்கே எஸ்டிஏ, எஸ்டிபி என்று பேர். எந்த டிஸ்க் முதலில் கண்ணில் பட்டதோ அது ‘ஏ’. நேற்று ‘ஏ’வாக இருந்தது, இன்று இன்னொரு டிஸ்க்கைச் செருகினால் ‘பி’யாகவும் ஆகலாம். வீட்டு நம்பரைத் தினமும் காலையில் மாத்தி எழுதினால், தபால்காரர் மேல கோபப்பட்டு என்னங்க பிரயோஜனம்? (கைதட்டல்)

சரி, அளவை வெச்சுக் கண்டுபிடிக்கலாமேன்னு எதிரணியில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கடையில் ஒரு டெராபைட் என்று எழுதி வாங்கினோம். திரையில் 931 என்று காட்டுது. மீதி 69 எங்கே? யாரும் திருடலை. டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக வகுக்குது. படியும் வேறே, அளக்கிற ஆளும் வேறே. 1998-லேயே இந்த 1024 கணக்குக்குத் தனிப் பேர் வெச்சாச்சு. ஆனால் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு அதை யார் சொன்னது?

‘கவனமா இருந்தால் ஒண்ணும் ஆகாது’ என்கிறார்கள். கவனமாக இருந்த ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். எங்க தெருவில் நடந்தது. எந்த மென்பொருள், யார் வீடு என்பதெல்லாம் வேண்டாம். அப்பா தவறிப் போயிட்டார். அவர் குரல் இருக்கிற வீடியோ, கல்யாண போட்டோ, எல்லாம் கம்ப்யூட்டரில். பையன் என்ன செய்தான்? பொறுப்பாக, எல்லாத்தையும் வெளியே இருக்கிற ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தான். உள்ளே இருப்பதும் ஒரு டெராபைட். வெளியே இருப்பதும் ஒரு டெராபைட். ரெண்டும் திரையில் 931.

ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அழிச்சான். ‘இதில் ஏற்ற முடியாது’ என்றது. ஏன்னா அது வெளியே இருந்த டிஸ்க்! ‘ஏற்ற முடியாது’ங்கிற வரி கீழே சின்னதா ஒரு மூலையில். ‘டெலிட்’ பட்டன் மட்டும் ராஜபாட்டையில் திறந்தே இருந்தது. ஏதோ கோளாறுன்னு நினைச்சு அடுத்ததையும் அழிச்சான். ஏற்றியும் முடிச்சான். மூலமும் போச்சு, நகலும் போச்சு.

நடுவர் அவர்களே, அந்த அம்மா பத்து நாள் சாப்பிடலை. எதிரணி சொல்லட்டும், அந்தப் பையன் அவசரக்காரனா? அவன் பத்திரமா நகல் எடுத்ததனாலதான் அந்த டிஸ்க் அங்கே செருகியே இருந்தது! சோம்பேறியா இருந்து நகலே எடுக்காமல் விட்டிருந்தால், வரிசையில் ஒரே டிஸ்க்தான் இருந்திருக்கும், குழம்பியே இருக்க மாட்டான். கவனமா இருக்கிறவனைத் தண்டிக்கிற திரை என்ன திரை? (நீண்ட கைதட்டல்)

நல்லவேளை, வெளியே இருந்த டிஸ்க்கில் அதன்பிறகு எதையும் எழுதவில்லை. பார்ட்டிஷனை அழிச்சால் கிழிவது பொருளடக்கம்தான், பக்கங்கள் அப்படியே இருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் மீட்டுக் கொடுத்தார். தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அழிஞ்சுட்டதுன்னு தெரிஞ்ச நிமிஷமே நிறுத்தணும். அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. எஸ்எஸ்டி வகை டிஸ்க்கானால், அழிச்ச இடத்தை அதுவே துடைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அங்கே மீட்பது கஷ்டம்.

‘மனுஷன் தப்பு செய்தால் மனுஷன்தானே பொறுப்பு’ என்றார் எதிரணியின் கடைசிப் பேச்சாளர். இரண்டாம் உலகப் போரில் பி-17 என்று ஒரு குண்டுவீச்சு விமானம். பத்திரமாகத் தரையிறங்கின பிறகு விமானிகள், இறக்கை மடலை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றில் சறுக்கும். ‘விமானியின் தவறு’ என்று எழுதினார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியல் அறிஞர் உள்ளே போய்ப் பார்த்தார். ரெண்டு கைப்பிடியும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில்! ஒன்றில் சின்னச் சக்கர வடிவம் மாட்டினார், இன்னொன்றில் மடல் வடிவம். கை தொட்டதுமே தெரிந்துவிடும். இன்றைக்கும் விமானத்தில் சக்கரத்துக்கான கைப்பிடி சக்கரம் போலத்தான் இருக்கிறது. விமானிக்கு யாரும் கவனத்தைப் பற்றி வகுப்பு எடுக்கலை அய்யா. கைப்பிடியை மாத்தினாங்க! (கைதட்டல்)

அதே போல இந்தத் திரையையும் மாத்த முடியாதா? சில லினக்ஸ் திரைகள் டிஸ்க் செய்த கம்பெனியையும் மாடலையும் காட்டுகின்றன. முடியும்னு தெரியுது இல்லையா? இன்னும் ஒரு படி போங்கள். ‘இது வெளியே செருகியது, இதில் இத்தனை போட்டோ இருக்கு’ என்று சொல்லட்டும். அழிக்கப் போனால் ‘உள்ளே இருப்பது போய்விடும்’ என்று மிரட்டுது. உள்ளே இருப்பது என்னன்னு சொல்லு, அப்புறம் மிரட்டு! (சிரிப்பு)

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். அவங்க மாத்துகிற வரைக்கும் நாம ரெண்டு காரியம் செய்யலாம். ஒண்ணு, ஏற்றப் போகிற டிஸ்க்கையும் அந்தப் பென்டிரைவையும் தவிர மற்ற எல்லாத்தையும் கழட்டி வையுங்கள். கண்ணில் படாததை யாரும் அழிக்க முடியாது. இரண்டு, உங்கள் பார்ட்டிஷனுக்கு ‘அப்பா வீடியோ’ என்று ஒரு பேர் வையுங்கள். விண்டோஸ் திரையில் நம்பருக்குப் பக்கத்தில் அந்தப் பேர் தெரியும். பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாம, நினைவுகளை ஏன் பூஜ்யம், ஒண்ணுன்னு விடணும்?

நடுவர் அவர்களே, இருட்டறையில் ரெண்டு கதவை வெச்சு, ஒண்ணு கிணறு, ஒண்ணு கூடம், எதிலும் பேர் எழுதாமல், விழுந்தவனைப் பார்த்து ‘கண் தெரியலையா’ என்று கேட்பது நியாயமில்லை. விளக்கு வைக்காதவனைக் கேளுங்கள் என்று தீர்ப்புச் சொல்லும்படி வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)