பழவேற்காட்டைச் சுற்றி மூன்று பகல்



விடுமுறைக்குக் கடற்கரை ஊர் என்றால் நம் பக்கத்தில் உடனே மாமல்லபுரத்தைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் புதுச்சேரியைச் சொல்வார்கள். நகரி, புத்தூர், பாலசமுத்திரம் வட்டாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் இன்று சொல்லப்போவது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் சாலை முடிகிற இடம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும் ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து, படகு கிடைக்குமா என்று விசாரித்து, நண்டும் இறாலும் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்தும் ஏரியின் ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். படகைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. கரையில் யாராவது வந்து கூப்பிட்டாலும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இந்த ஏரியைத் தரைவழியாகச் சுற்றிப் பார்ப்பதுதான் நல்லது. அப்படிப் பார்த்தால்தான் அதன் முழு அழகும் தெரியும்.

முதல் பகல் ஊருக்குள்ளேயே கழியட்டும். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. நம் நெசவாளர்கள் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறித் தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்குப் போனது. அங்கே துணியைக் கொடுத்துவிட்டுக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் மேடும்தான் மிச்சம். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கின்றன. உள்ளே கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஊரின் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளை விசாரித்து வாங்குங்கள். மீன் எப்படியும் சாப்பிடுவீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பகல் வடக்கே. இந்த ஒரு நாளுக்காகவே பழவேற்காட்டுக்கு வரலாம் என்பேன். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாகச் சூலூர்ப்பேட்டை. சொந்த வண்டி இல்லாதவர்கள் பொன்னேரியில் புறநகர் ரயில் ஏறினால் சூலூர்ப்பேட்டையில் இறங்கலாம். காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ராக்கெட் ஏவுவதற்கு முன் விண்வெளித் துறை அதிகாரிகள் வந்து கும்பிட்டுப் போகிற அம்மன் இவள்தான். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் அந்தத் தண்ணீரில் பூநாரைகள் நிற்கும். தூரத்தில் வெளிர்சிவப்புக் கோடு ஒன்று தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தக் கோடு எழுந்து பறக்கும்.

ஏரி பெரும்பாலான இடங்களில் ஓராள் ஆழம்கூட இல்லை. பூநாரைக்குத் தேவையானதும் அதுதான். நீண்ட காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டி, நுண்ணிய பாசியையும் சின்னஞ்சிறு இறால் வகையையும் தின்கிறது. அதன் சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்புகிறது. கோடையில் வடக்குப் பகுதி வற்றி உப்பு வெளியாகிவிடும். ஆகவே சித்திரை விடுமுறைக்கு வந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் அந்தச் சாலை நீரோட்டத்தைத் தடுக்கிறது என்ற வருத்தம் மீனவர்களுக்கு உண்டு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபடுகிற கவலையும் அவர்களுக்கு இருக்கிறது. நாம் ரசிக்கிற தண்ணீர் அவர்களுக்குப் பிழைப்பு.

சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே அரை மணி நேரத்தில் நேலப்பட்டு. 1976இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சிறிய ஊர் ஏரி. தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் உண்டு. கூழைக்கடா இரை தேடுவது பழவேற்காடு ஏரியில், குஞ்சுக்கு ஊட்டுவது இங்கே. அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள் என்கிறேன்.

உங்கள் பயணம் ராக்கெட் ஏவும் நாளில் அமைந்தால் பாக்கியம். ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட் ஏவுகிறார்கள். 2019 முதல் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க மாடம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. இஸ்ரோவின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் 3 கிளம்பியதை அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

மூன்றாம் பகல், சித்தூர் பக்கத்துக்காரர்களுக்கு வீடு திரும்பும் வழியிலேயே வந்துவிடுகிறது. பழவேற்காடு ஏரியில் கலக்கும் ஆரணி ஆறு நம் சித்தூர் மலைப்பக்கத்தில் பிறந்து, பிச்சாட்டூர் அணை வழியாக வருவது. அதை எதிர்த்துப் போவதுபோல் ஊத்துக்கோட்டைக்குப் போங்கள். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை உண்ட சிவன் களைத்து, அம்மன் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் கோலம் இங்கே. சயனித்த பெருமாளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சயனித்த ஈசன் புதிய காட்சி. பிரதோஷத்தன்று கூட்டம் மிகுதி. வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்து நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாள் நினைவாக எழுப்பிய ஊர். இங்குள்ள கோயிலில் பெருமாள் வேதநாராயணராக மீன் வடிவில் இருக்கிறார். மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாள், மாலைச் சூரியன் கோபுர வாசல் வழியாக நேரே கருவறைக்குள் விழும்.

பழவேற்காட்டில் தங்குமிடம் குறைவு. பொன்னேரியிலோ சூலூர்ப்பேட்டையிலோ அறை எடுத்துக்கொள்ளுங்கள். இருநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். நேலப்பட்டில் சத்தம் போடாதீர்கள். ஏரிச் சாலையில் பூநாரையைப் படம் எடுக்கவென்று சேற்றில் இறங்கி விரட்டாதீர்கள், குடித்த தண்ணீர் பாட்டிலைக் கரையில் போடாதீர்கள். மார்கழியிலிருந்து மாசிக்குள் ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள்.