வழுக்கும் பூச்சும் கிள்ளான் கையுறையும்



இயந்திரப் பாகங்கள் உரசித் தேயாமலிருக்க எண்ணெய் விடுவார்கள். எண்ணெய் ஒழுகும், தூசியையும் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் சில பாகங்களில் டெஃப்லான் போன்ற வழுக்கும் பூச்சை நிரந்தரமாகப் படியவைக்கிறார்கள். 1938-இல் அமெரிக்கரான ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் அது.

கிள்ளான் வட்டாரத்தின் ரப்பர் கையுறைத் தொழிலும் இதே வழிக்கு வந்தது. கை எளிதில் நுழைய, முன்பு உறைக்குள் சோளமாவுத் தூள் இட்டார்கள். ரப்பர்ப் பாலிலுள்ள புரதத்தைச் சுமந்துகொண்டு அந்தத் தூள் காற்றில் பறந்தது. ஒவ்வாமை உள்ள தாதியருக்கு மூச்சுத்திணறல் வந்தது. அறுவைக் காயத்தில் விழுந்தால் அழற்சி உண்டானது. 2017 ஜனவரியில் அமெரிக்கா, தூள் இட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது.

இன்று உறையின் உட்புறம் மெல்லிய பாலிமர் பூச்சு இடுகிறார்கள். அல்லது குளோரின் நீரில் கழுவிப் பிசுபிசுப்பை நீக்குகிறார்கள். பறக்கத் தூள் இல்லை.

ஆனால், குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். நல்ல காற்றோட்டமும், வாயுவைத் தடுக்கும் முகமூடியும் இல்லாமல் அந்தப் பிரிவில் யாரையும் நிறுத்தக்கூடாது. பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பும் பெற்றோரே, சம்பளத்தைக் கேட்கும்போது இதையும் கேளுங்கள்.